வீடு வடிவாக இருந்தால்

பிறந்தநாள் விருந்துகளில் என்னைக் கண்டால் யாராவது ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடமாட்டார். "இப்ப எல்லாப் படமும் இன்டர்நெற்றில கிடக்குது. பிறகேன் சனிக்கிழமையில வீட்டைத் திறந்துவைச்சுக்கொண்டு நிக்கிறியள்?" சிட்னியின் மேற்குப் பக்கத்தில் வீடு விற்றுக் கொடுப்பது என் தொழில். நான் வாய் திறக்குமுன் என் கணவர் முந்திக்கொள்வார்: "திறந்த வீட்டுக்குள்ள நாய் பூந்த மாதிரி எண்டு சும்மாவே சொன்னவங்கள்?" எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டு ஒரு கட்லட்டை எடுத்து வாயில் வைத்துக்கொள்வேன். வாய்க்குள் ஏதாவது இருந்தால் பதில் சொல்லத் தேவையில்லை.

பதில் எனக்குத் தெரியாமலில்லை. அந்தச் சனிக்கிழமை ஓப்பன் ஹவுஸுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அக்கம்பக்கத்தார். விடுப்புப் பார்க்க, வேடிக்கை பார்க்க வருவார்கள். அலுமாரியைத் திறப்பார்கள், குளியலறையில் எட்டிப் பார்ப்பார்கள், தங்கள் வீடு இதைவிட மேல் என்று திருப்தியோடு போவார்கள். மிச்சப் பேரில் சிலருக்குச் சனிக்கிழமை பொழுது போகவேண்டும். உண்மையாக வாங்க நினைக்கிறவருக்கு ஒரு போன் அடித்து, செவ்வாய்க்கிழமை பின்னேரம் வாருங்கள் என்றாலும் வருவார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே என் முதலாளி இதைச் சொல்லித் தந்தார். ஓப்பன் ஹவுஸ் வீட்டை விற்பதற்கில்லை, உன்னை விற்பதற்கு என்றார். வாசலில் நிற்கிற உன் முகத்தை அந்தத் தெரு பார்க்கவேண்டும், நாளைக்குத் தங்கள் வீட்டை விற்கிறபோது உன்னைக் கூப்பிடவேண்டும். நான் தலையைத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டேன். பள்ளிக்கூடத்திலும் நான் அப்படித்தான், நல்ல பிள்ளை.

2012இல் மெரிலேண்ட்ஸில் ஒரு பழைய இரண்டு அறை வீடு என் கைக்கு வந்தது. சொந்தக்காரர் குயின்ஸ்லாந்தில் இருந்தார். விற்கவேண்டும் என்று போனில் சொன்னார், நேரில் வரவேயில்லை. வாடகைக்கு இருந்தது ஓர் இளம் தம்பதி. இலங்கையிலிருந்து படகில் வந்து, தடுப்பு முகாமில் கிடந்து, தற்காலிக விசாவோடு வெளியே விடப்பட்டவர்கள். அவன் கோழி வெட்டும் தொழிற்சாலையில் வேலை செய்தான். அவள் நிறைமாதக் கர்ப்பிணி. உங்கள் ஆட்கள்தானே, நீயே போய்ப் பேசு என்று முதலாளி என்னை அனுப்பினார். எங்கள் ஆட்கள்தான். ஆனால் நான் பிளேனில் வந்தவள். இந்த நாட்டில் எங்களுக்குள்ளே அதுவும் ஒரு சாதி மாதிரித்தான்.

அந்த வீட்டில் நல்ல கதிரை ஒன்றுதான் இருந்தது. அதில் என்னை இருத்திவிட்டு இரண்டு பேரும் நின்றார்கள். தேத்தண்ணி வந்தது.

"வீட்டை விக்கப் போகினமாம், தம்பி" என்றேன்.

அவன் மனைவியின் முகத்தைப் பார்த்தான். "அப்ப வாங்கிறவை எங்களை எழும்பச் சொல்லுவினமோ, அக்கா?"

அதற்குப் பதில் சுலபமானது. வாங்குகிறவர்கள் தாங்கள் குடியிருக்க வாங்கினால் நீங்கள் போகவேண்டிவரும்; வாடகைக்கு விட வாங்கினால் இருக்கலாம். இவ்வளவுதான். அந்தப் பெண்ணின் வயிற்றைப் பார்த்துக்கொண்டு முதல் பாதியைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டாம் பாதியை மட்டும் சொன்னேன். "சில பேர் இருக்கிற ஆக்களையே வைச்சிருப்பினம். வீடு வடிவா இருந்தா எல்லாருக்கும் நல்லதுதானே."

"ஓம் அக்கா. வடிவா வைச்சிருப்பம்" என்றான். அவன் முகம் தெளிந்தது. எனக்கும் நிம்மதியாக இருந்தது.

சனிக்கிழமைகளில் ஆட்கள் வீடு பார்க்க வருவார்கள் என்று சொன்னபோது அவன் கொஞ்சம் தயங்கினான். "இதுக்கு ஏலாதெண்டு சொன்னா இமிக்ரேஷனில ஏதும் பிரச்சினை வருமோ?" வராது. ஏலாது என்று சொல்ல, வேறு நாள் கேட்க, பிள்ளை பிறக்கப் போகிறது, கொஞ்ச நாள் விடுங்கள் என்று சொல்ல, எல்லாவற்றுக்கும் அவர்களுக்கு உரிமை இருந்தது. அவன் கேள்வியை அப்படியே விட்டுவிட்டு, "நீங்கள் ஓமெண்டு சொல்லுங்கோ, ஒரு பிரச்சினையும் வராது" என்றேன். பொய்யில்லை. நான் பொய் சொல்கிறவள் இல்லை என்பதில் அப்போதெல்லாம் எனக்குப் பெருமை வேறு.

முதல் ஓப்பன் ஹவுஸுக்குக் குறித்த சனிக்கிழமைக்கு முன்பே பிள்ளை பிறந்துவிட்டது. பெண் பிள்ளை. துடக்கு வீடு. எங்கள் வழக்கத்தில் துடக்குக் கழியும்வரை பிறத்தியார் உள்ளே வரமாட்டார்கள். பெற்றவளைக் குசினிப் பக்கம் விடமாட்டார்கள். யாராவது தாய், பெரியம்மா என்று கூட நின்று காயச் சரக்கு அரைத்துக் கறி வைத்துக் கொடுப்பார்கள். இவளுக்கு இங்கே ஒருவரும் இல்லை. இது எல்லாம் என் முதலாளிக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

நான் அன்று காலையில் வேளைக்கே போனேன். கதவைத் திறந்தால், அவள் குசினியில் முழங்காலில் இருந்து அடுப்புக்குப் பின்னால் கையை விட்டுத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

"தங்கச்சி, என்ன செய்யிறியள்? எழும்புங்கோ."

"இந்த மூலையில எண்ணெய்ப் பிசுக்கு, அக்கா. ஆக்கள் பார்ப்பினம்."

முகம் மஞ்சளாய் வெளிறிப்போயிருந்தது. கை எட்டவில்லை, இடுப்பைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தரம் கையை நீட்டிப் பார்த்தாள். அந்த இடத்தில் மனுசி என்றால் ஒரு போனை எடுத்து இன்றைக்கு இல்லை என்று சொல்லியிருப்பாள். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். "சரி, கெதியா முடியுங்கோ" என்றேன்.

அதோடு விட்டேனா? அவன் வைத்த சரக்குக் கறியின் மணம் வீடெல்லாம் நின்றது. வெள்ளைக்காரருக்கு அது பிடிக்காது, சனிக்கிழமைகளில் மத்தியானம் வரைக்கும் சமைக்காதேயுங்கோ என்று சொல்லிவிட்டு, சூடான ஓவனில் வெனிலா விட்ட தண்ணீரை வைத்தேன். கேக் சுடுகிற மணம் வரும். தொழில் இரகசியம். பெற்ற உடம்போடு அவள் சனிக்கிழமைகளில் மத்தியானம் வரை ஒரு தேத்தண்ணியோடு இருந்தாள். வீட்டில் ஆட்கள் இருந்தால் பார்க்க வருகிறவர்களுக்குக் கூச்சமாக இருக்கும் என்று, எதிர்ப்பக்கத்தில் நிறுத்தியிருந்த அவர்களுடைய சிநேகிதனின் காருக்குள் பிள்ளையோடு இருக்கச் சொன்னேன். குளிர்காலம். கார்க் கண்ணாடியில் அவளுடைய மூச்சு படிந்திருப்பது வாசலிலிருந்தே தெரியும்.

அவனை மட்டும் காருக்குள் இருத்த முடியவில்லை. "வீட்டுக்கு ஆக்கள் வரேக்க நாங்கள் ஒளிச்சுக்கொண்டு இருக்கிறதே, அக்கா?" என்றான். வாசல் படலையடியில் நின்று வருகிறவர்கள் எல்லோருக்கும் ஹலோ சொன்னான். குசினி மேசையில் ஒரு தட்டில் பிஸ்கட் அடுக்கி வைத்திருந்தான். விடுப்புப் பார்க்க வந்தவர்கள் அதையும் தின்றார்கள். என் முதலாளி பார்த்துவிட்டு, அருமையான யோசனை என்று என் தோளில் தட்டினார். நான் மறுக்கவில்லை.

இரண்டாவது சனிக்கிழமைதான் எனக்கு முழுதாக விளங்கியது. குளியலறை ஓடுகளுக்கு நடுவே இருந்த கறுப்பை அவன் வேலையால் வந்து பல்துலக்கும் பிரஷ் கொண்டு தேய்த்திருந்தான். திரைச்சேலைகள் தோய்த்து மடிப்புக் கலையாமல் தொங்கின. வருகிறவர்கள் எல்லோரும் தங்களைத்தான் பார்க்க வருகிறார்கள் என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். யார் வாங்கினாலும், வீட்டை இப்படி வைத்திருக்கிற ஆட்களை விடமாட்டார்கள் என்று. நான் விதைத்ததுதான். ஒரு வீடு எவ்வளவுக்கு வடிவாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அதை வாங்குகிறவர்கள் தாங்களே குடியிருக்க ஆசைப்படுவார்கள் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். ஆனால் வீடு அப்படிப் பளபளத்தது. அடுத்த சனிக்கிழமை நான் நப்பிப் பெட்டியும் ஒரு பிள்ளைச் சட்டையும் வாங்கிக்கொண்டு போனேன். பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அதுதான்.

"ஏனக்கா உங்களுக்கு வீண் சிலவு" என்று அவள் சட்டையைத் தடவிப் பார்த்தாள். எனக்கு எங்கேயாவது ஓடிவிட வேண்டும் போல இருந்தது.

அன்றைக்குத்தான் அந்தத் தமிழ்நாட்டுக் குடும்பம் வந்தது. இரண்டு பேரும் ஐடி வேலை, ஒரு சின்ன மகன். நல்ல மனிதர்கள், அதில் சந்தேகமில்லை. அந்தப் பெண் குசினியைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "வாடகைக்கு இருக்கறவங்களா? சொந்த வீடு மாதிரியில்ல வச்சிருக்காங்க. இத்தனை வீடு பார்த்தோம், எங்கயும் இப்படி இல்லைங்க."

தமிழைக் கேட்டதும் அவன் படலையிலிருந்து ஓடி வந்தான். "நாங்கள்தான் இருக்கிறம். வாங்கோ, காட்டுறன்" என்று அவர்களைக் கூட்டிக்கொண்டு போய், தான் திருத்திய அலுமாரிக் கதவைத் திறந்து மூடிக் காட்டினான். வெந்நீர் எவ்வளவு கெதியாக வருகிறது என்று குழாயைத் திறந்து காட்டினான். பின்னேர வெயில் எந்த அறைக்கு வரும் என்று சொன்னான். என்னால் அப்படி விற்க முடியாது. அவர்கள் போகும்போது அந்தக் கணவர் அவனுக்குக் கை கொடுத்து, "ஆமா, வீடு ரொம்பப் பிடிச்சுப்போச்சு" என்றார். அவன் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. அந்தச் சிரிப்புக்கு நானும் சிரித்தேன்.

அந்தக் குடும்பம்தான் வாங்கியது. குடியிருக்கத்தான். ஒன்றை இங்கே சொல்லவேண்டும்: அவர்கள் முதல் ஓப்பன் ஹவுஸுக்கு முன்பே எனக்குப் போன் எடுத்து, வார நாளில் வந்து பார்க்கலாமா என்று கேட்டவர்கள். கூட்டத்தைக் கண்டால் விலை ஏறும் என்று சனிக்கிழமை வரச் சொன்னது நான். அவர்களுக்கு அந்த வாரம் வசதிப்படவில்லை, பிந்தி வந்தார்கள். ஒரு செவ்வாய்க்கிழமையோடு முடிந்திருக்கும். அவள் காருக்குள் குளிரில் இருந்ததும், பட்டினி கிடந்ததும், அடுப்புக்குப் பின்னால் கையை விட்டதும் ஒன்றும் தேவைப்பட்டிருக்காது. அந்தச் சனிக்கிழமைகளால் எனக்குக் கிடைத்தது, அதே தெருவில் இன்னொரு வீடு விற்கிற வேலை.

எழும்பவேண்டும் என்று சொல்லப் போனபோது அவன் நான் எதிர்பார்த்த மாதிரி ஒன்றும் கேட்கவில்லை. "ஓம் அக்கா, விளங்குது" என்றான். தேத்தண்ணி தந்தார்கள். அவர்கள் கதவைப் பூட்டித் திறப்பை என் கையில் தந்த அன்று, வெறும் வீட்டுக்குள் நடந்து பார்த்தேன். சுவரில் ஆணி இருந்த அடையாளம்கூட இல்லை.

சில மாதம் கழித்து, கோடை தொடங்கிய ஒரு சனிக்கிழமை, வாடகைக்கு விடுகிற ஓர் அடுக்குமாடி யூனிட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றேன். வாடகை வீட்டுக்கு அப்போது அடிபிடி. வரிசை மாடிப்படி வழியாகக் கீழே வாசல்வரை நின்றது. அதில் அவர்களும் வந்தார்கள். அதுவரை ஒரு சிநேகிதன் வீட்டு முன்ஹோலில் இருந்தார்களாம். முடிவை முதலே சொல்லிவிடுகிறேன்: அந்த யூனிட் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அவர்களுக்காக நான் சொந்தக்காரரிடம் எடுத்துச் சொன்னேன், ஆனால் அவர் நிரந்தர விசாக்காரரைத்தான் விரும்பினார்.

அவன் என்னைக் கண்டதும் பின்னால் நின்றவரிடம் "எங்கட அக்கா" என்றான், பெருமையாக. அவள் பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தாள். அத்தனை பேரில் அவள் ஒருத்திதான் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். குசினிக்குள் போனவள், மேசையில் யாரோ தேத்தண்ணிக் கோப்பை வைத்த கறையைக் கண்டு, பிள்ளையின் வாய் துடைக்கிற துணியால் அதைத் துடைக்கத் தொடங்கினாள்.

"தங்கச்சி, விடுங்கோ. அது உங்கட வேலை இல்லை" என்றேன்.

அவள் திடுக்கிட்டுக் கையை எடுத்தாள். "பழகிப்போச்சு, அக்கா."

இதற்குமேல் தாங்காது, இப்போதாவது சொல்லிவிடவேண்டும் என்று நினைத்தேன். அவனைக் கிட்டக் கூப்பிட்டு, "தம்பி, அந்த வீட்டு விசயத்தில..." என்று தொடங்கினேன்.

"ஐயோ அக்கா, உங்களில ஒரு பிழையும் இல்லை" என்றான் உடனே. "நாங்களும் இதைப் பற்றிக் கனக்கக் கதைச்சனாங்கள். அந்த அடுப்புக்குப் பின்னால மூலை இருக்கெல்லே, இவவுக்கு அப்ப ஏலாது, வடிவாத் துடைபடேல்லை. வீடு பார்க்க வந்த ஆக்கள் அதைக் கண்டிருப்பினம். இல்லாட்டி எங்களை வைச்சிருப்பினம். இந்த வீட்டில அப்பிடி விடமாட்டம்."

அவள் பிள்ளையின் தலைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள். "என்னாலதான், அக்கா" என்றாள்.

வாசலில் அடுத்த குடும்பம் வந்து நின்றது. நான் அவர்களைப் பார்த்துச் சிரித்து, உள்ளே வாருங்கள் என்றேன்.