கிரேக்கச் சுரைக்காய் வடை

என் மகளைப் பெண் பார்க்க வரும் நாளன்று காலையிலேயே அண்ணன் உத்தமபாளையத்திலிருந்து கம்பத்துக்கு வந்துவிட்டார். வந்ததும் என்னைத் தனியாக அழைத்தார்.

"யாரு கேட்டாலும் கப்பல்ல இன்ஜினியரா இருந்தேன்னு சொல்லு. சமையக்காரன்னு வாயத் தொறந்துறாத."

பதினெட்டு வருடம் நான் ஒரு கிரேக்கக் கப்பலில் சமையல்காரன். ஊரில் மட்டும் அண்ணன் என்னை இன்ஜினியராக்கி வைத்திருந்தார். லீவில் வரும்போதெல்லாம் யாராவது ரிப்பேரான மோட்டாரைக் கொண்டுவந்து காட்டுவார்கள். எதையாவது சொல்லிச் சமாளித்துவிட்டு, கூனிக் குறுகி உள்ளே போவேன். அன்றைக்கு அது பொறுக்கவில்லை.

"அண்ணே, இன்னைக்குப் பலகாரம் நான்தான் செய்யப்போறேன்."

"பேக்கரியில சொல்லியாச்சுடா."

"அதுவும் இருக்கட்டும்."

அடுப்படிக்குள் போய்ச் சுரைக்காயைத் துருவ ஆரம்பித்தேன். இந்த வடையைக் கிரேக்கர்கள் சுக்கினி என்ற வெள்ளரி போன்ற காயில் செய்வார்கள். கம்பம் சந்தையில் அதற்கு எங்கே போவது? பிஞ்சுச் சுரைக்காய் போதும். துருவலில் உப்புப் போட்டு வைத்தால் தண்ணீர் விடும். துணியில் கட்டி, கை வலிக்கப் பிழிய வேண்டும். ஈரம் நின்றால் எண்ணெயில் உதிர்ந்துவிடும். அன்று ஒரு சொட்டு விடாமல் பிழிந்தேன். அவர்களுடைய ஆட்டுப்பால் சீஸுக்குப் பதிலாக உப்புத் தண்ணீரில் ஊறிய பனீரை உதிர்த்தேன். புதினா, வெங்காயத்தாள், முட்டை, கொஞ்சம் மைதா. கரண்டியில் எடுத்து எண்ணெயில் விட்டு, லேசாகத் தட்டிவிட்டேன். தொட்டுக்கொள்ள, பூண்டும் வெள்ளரியும் போட்ட கெட்டித் தயிர்.

தேவாரத்திலிருந்து அவர்கள் வந்து உட்கார்ந்தபோது நான் கைலியோடு அடுப்பின் முன் நின்றிருந்தேன். அண்ணன் உள்ளே எட்டிப் பார்த்து, "சட்டையப் போட்டுட்டு வாடா, வந்துட்டாக" என்று பல்லைக் கடித்தார். சட்டையை மட்டும் மாட்டிக்கொண்டு தட்டோடு போனேன்.

மாப்பிள்ளையின் அத்தா ஒன்றை எடுத்துக் கடித்தார். "வெளிய மொறுமொறுன்னு, உள்ள பஞ்சாட்டம் இருக்கே. என்ன வடை இது?"

"சுரைக்காய் வடைங்க. கிரீஸ்காரக செய்யிறது. அவுக கப்பல்ல நான் சமையக்காரனா இருந்தேன்."

அண்ணன் அவசரமாகச் சிரித்தார். "சும்மா வெளையாட்டுக்குச் சொல்றான்."

மகள் அறை வாசலுக்கே வந்துவிட்டாள். "வெளையாட்டு இல்ல பெரியத்தா. அத்தா கரண்டி பிடிச்சுத்தான் நான் பல் டாக்டரானேன்."

மாப்பிள்ளையின் அம்மா கணவர் பக்கம் திரும்பி, "இன்ஜினியருன்னுல்ல சொன்னாக" என்றார். அவர் இன்னொரு வடையை எடுத்தார்.

மூன்றாம் நாள் தரகர் போன் செய்து, ஒத்துவரவில்லை என்றார். அண்ணன் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. மகள் லேப்டாப்பைத் திறந்து, தரகரிடம் கொடுக்கும் தன் பயோடேட்டாவில் இன்ஜினியரை அழித்துவிட்டு, தகப்பனார் தொழில்: கப்பல் சமையல்காரர் என்று அடித்தாள். அண்ணன் அதைப் பார்த்துத்தான் மறுபடி வாய் திறந்தார்.

"இப்பிடிப் போட்டா எவன்டா வருவான்?"

"வர்றவன் வரட்டும்ணே."

அதற்குப் பிறகு இரண்டு இடம் வந்தது. இன்னும் எதுவும் அமையவில்லை. இரண்டு தடவையும் பலகாரம் நான்தான் செய்தேன்.