ஒற்றைப் பைச் சட்டை

கல்யாணப் படம் எடுக்கப் போகும்போது சமியுல்லா பாய் போடுவது எப்போதும் இரண்டு பை வைத்த சட்டைதான். வலது பையில் புது பிலிம் ரோல், இடது பையில் எடுத்து முடித்த ரோல். இது யாரும் கற்றுத் தந்ததல்ல. மகள் நிகத் பிறந்த வருடம், எடுத்த ரோலையே மறுபடி கேமராவில் மாட்டி, தாலி கட்டும் படத்தின் மேல் பந்தி இலைகள் வந்து விழுந்தபோது தனக்குத் தானே விதித்துக்கொண்டது. எடுத்த ரோலின் முனையை முழுக்க உள்ளே சுருட்டிவிடவும் அன்றுதான் பழகினார். முனை நாக்குப் போல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் புதுசு. இல்லாவிட்டால் படம் எடுத்தது. இருட்டிலும் விரலுக்குத் தெரியும்.

டிஜிட்டல் கேமரா வந்தபின் ரோலுக்குப் பதில் மெமரி கார்டு. கார்டுக்கு நாக்கு கிடையாது. நிரம்பியதும் காலியும் கைக்கு ஒன்றுபோலவே இருக்கும். வலது பை, இடது பை என்ற வழக்கம் இருந்ததால் பதினைந்து வருடம் பிழை இல்லாமல் ஓடியது. வேலைதான் மாறிவிட்டது. முன்பு ஒரு கல்யாணத்துக்கு ஆறு ரோல், இருநூற்றுச் சொச்சம் படம். லேபில் கழுவி, ஆல்பம் ஒட்டி, நெகட்டிவோடு கொடுத்துவிட்டால் அந்தக் கல்யாணம் முடிந்தது. இப்போது நாலாயிரம் படம். ஆல்பத்துக்கு எது வேண்டுமென்று கல்யாண வீட்டார் தேர்ந்து சொல்ல மாதக்கணக்காகும். அதுவரை எதையும் அழிக்க முடியாது. ஆனாலும் எடுத்த படத்தை அங்கேயே பார்த்துவிடும் நிம்மதி பிலிமில் ஏது?

மத்தூரில் ரஞ்சிதாவின் கல்யாணம். ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகிற பெண். பெண் வீட்டார் அத்தனை பேருக்கும் மயில்நீலத்தில் உடை. பாய்க்கும் அதே நிறத்தில் ஒரு சட்டை வைத்திருந்தார்கள்.

"நீங்களும் நம்ம வீட்டு ஆளுதானுங்க பாய், போட்டுக்கோங்க" என்று ரஞ்சிதாவின் சித்தப்பா செல்வம் விடவில்லை.

முகூர்த்தம் முடிந்ததும் மாற்றினார். அதில் ஒரே ஒரு பை. நிரம்பிய கார்டும் காலிக் கார்டும் அதற்குள்ளேயே போயின. மேடையில் கும்பல் கூடிவிட்டது. ஒரு கார்டை எடுத்துக் கேமராவில் போட்டார். போட்டதும் ஃபார்மேட் செய்து, உள்ளே இருப்பதை அழித்துக் காலியாக்குவது வழக்கம். அவர் கட்டைவிரல் அதைப் பார்க்காமலே செய்யும்.

கொஞ்ச நேரம் கழித்து ரஞ்சிதா குனிந்து கேட்டாள். "அண்ணா, தாலி கட்டுனது ஒண்ணே ஒண்ணு காட்டுங்களேன்."

பையிலிருந்த கார்டை மாற்றிப் போட்டார். திரை, படம் இல்லை என்றது. அப்படியானால் சற்றுமுன் ஃபார்மேட் செய்தது நிரம்பிய கார்டை.

"பேட்டரி மக்கர் பண்ணுதும்மா" என்றார். சொன்ன பொய் அவர் காதிலேயே விழுந்தது.

மாடிப்படியில் ஒதுங்கி நிகத்துக்குப் போன் போட்டார்.

"அத்தா, அந்தக் கார்டுல இனி ஒண்ணுகூட எடுக்காதீங்க. ஃபார்மேட் பண்ணாலும் படம் உள்ளயேதான் இருக்கும், மீட்டுடலாம். ஆனா எது மேல புதுசு விழுந்துச்சோ அது போச்சு. எத்தன எடுத்தீங்க?"

"நாப்பத்து மூணு."

"அப்ப காத்தால மொதல்ல எடுத்த நாப்பது, நாப்பத்தஞ்சு போயிருக்கும். தாலிக்கு ஒண்ணும் ஆவாது. பயப்படாதீங்க."

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். காலையில் முதலில் எடுத்தது எது என்று அவருக்குத் தெரியும். ரஞ்சிதாவின் அம்மா மாரம்மா கணவனை இழந்தவள். மேடைப் பக்கமே வரமாட்டாள். விடியற்காலையில் மணப்பெண் அறையின் கதவைச் சாத்திவிட்டு, ரஞ்சிதா பிடிவாதம் பிடித்து அம்மாவையே தன் தலையில் பூ வைக்கச் சொன்னாள். அம்மாவும் மகளும் சேர்ந்திருக்கும் படங்கள் அவ்வளவுதான். பிலிமாக இருந்தால் இரண்டு எடுத்திருப்பார், இரண்டும் இருந்திருக்கும். அந்த முகத்தைப் பார்த்து மனம் கேட்காமல் நாற்பது எடுத்தார்.

மாரம்மா பின்கட்டில் தேங்காய்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"பொண்ணு கூட நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கலாம், வாங்கம்மா."

"நான் எதுக்குங்க அங்க? அதான் காத்தால எடுத்தீங்களே, போதும்."

"உள்ள அறையிலயாவது வாங்க."

"மாப்ள வீட்டு ஜனம் பூரா அங்கதான் இருக்குது. என்னை எதுக்குங்க இழுக்கறீங்க?"

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. சொன்னார். அவள் கயிற்று முடிச்சைப் போட்டு முடித்தாள்.

"இன்னிக்கு அவகிட்ட சொல்லிப்புடாதீங்க பாய். அழுதுக்கிட்டே வண்டி ஏறுவா, போற எடத்துல என்ன நெனைப்பாங்க? நீங்க என் தலைமேல அடிச்சு சத்தியம் பண்ணுங்க."

அடிக்கவில்லை. ஆனால் தலையாட்டிவிட்டார். மதியம் ரஞ்சிதா கார் ஏறியதையும், மாரம்மா சமையல்கட்டு ஜன்னலிலிருந்து பார்த்ததையும் படமெடுத்தார். ஜன்னல் தூரம். கம்பிகளுக்குப் பின்னால் முகம் தெரியவில்லை.

நிகத் இரண்டு நாள் உட்கார்ந்து மற்றதையெல்லாம் மீட்டுவிட்டாள். மாங்கல்யம், மாலை, அட்சதை எல்லாம் பளிச்சென்று இருந்தன. ரஞ்சிதாவுக்கு அனுப்பினார்கள். இதயமும் பூவுமாகப் பதில் வந்தது. கூடவே ஒரு வரி: அம்மா போட்டோ எப்போ அண்ணா?

மறுநாளும் அதே வரி. அதற்கடுத்த நாளும். இன்றைக்குச் சொல்லாதீர்கள் என்றாள் மாரம்மா. என்றைக்குச் சொல்லலாம் என்று சொல்லவில்லை. சட்டையை மாற்றியவர் அவர், ஃபார்மேட் செய்தது அவர் விரல். வேறு யாரும் இதைச் சொல்லப்போவதில்லை. ஐந்தாம் நாள் அவரே கூப்பிட்டார்.

"ரஞ்சிதாம்மா, தப்பு என்னோடது. காத்தால அறையில எடுத்தது போயிடுச்சு."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

"ஒண்ணுகூடவா இல்ல, அண்ணா? மங்கலா இருந்தாலும் பரவால்லீங்களே."

"ஒண்ணுகூட இல்லம்மா."

அவள் போனை வைக்கவில்லை. அவளுக்குப் பின்னால் யாரோ குக்கரை இறக்கச் சொல்லிக் கூப்பிடும் குரல் கேட்டது. அவள் வைக்கட்டும் என்று சமியுல்லா பாய் போனைக் காதிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.