ஆட்டம் தொடங்கியதும் வாசலுக்கு ஓடினேன்

ஜப்பானில் வேலை செய்யும் மகனைப் பார்க்கக் கடந்த வருடம் சென்றிருந்தேன். ஒரு மத்தியானம் சிறிய கடையொன்றில் இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அங்கிருந்த எல்லோருடைய கைபேசிகளும் ஒரே நேரத்தில் நிலநடுக்க எச்சரிக்கை ஒலித்து அலறின. மறுகணம் நான் இருந்த கதிரை ஆடியது. சுனாமியன்று எங்கள் ஊரான உப்புவெளியின் கரையிலிருந்து ஓடித் தப்பியவள் நான். யோசிக்காமல் வாசலுக்கு ஓடினேன்.

"அம்மா, வெளியில போகாதேங்கோ" என்று மகன் கத்தினான். அதற்குள் உணவு பரிமாறிய பெண் என்னை இழுத்து மேசைக்குக் கீழே இருத்தி, என் தலையைத் தன் கையால் மூடிக்கொண்டாள். கட்டடம் தோணிபோல ஆடியது. ஒருவரும் கூச்சலிடவில்லை.

ஆட்டம் நின்றதும், "கடல் வருமோ மகன்?" என்றேன்.

"இல்லையாம் அம்மா. இப்ப அறிவிச்சிட்டினம்" என்றான், கைபேசியைப் பார்த்து.

வாசலுக்கு வெளியே பெரிய கண்ணாடியொன்று விழுந்து நொறுங்கிக் கிடந்தது. வெளியே போயிருந்தால் நான் அங்கேதான் நின்றிருப்பேன். அந்தப் பெண்ணோ எனக்குத் தலைகுனிந்து வணங்கிவிட்டு, ஆறிப்போன சூப்பை எடுத்துச் சென்று சூடாக்கிக் கொண்டுவந்தாள். அந்த நிதானத்தை நினைத்தால் இன்றும் வியப்புத்தான்.

ஜப்பான் போகிறவர்கள், நிலம் ஆடினால் எங்கே ஒதுங்குவது, கடல் வந்தால் எந்தப் பக்கம் ஏறுவது என்பதை முதல்நாளே கேட்டுவையுங்கள். உப்புவெளியில் நாங்கள் நடத்தும் விடுதிக்கு வருகிறவர்களுக்கு, அறையைப் பூட்டும் திறப்பைக் கையில் கொடுப்பதற்கு முன் மேட்டுக்குப் போகும் பாதையை நான் இப்போது காட்டிவிடுகிறேன்.