டேங்கர்காரர் வாசித்த சுற்றுமடல்

உறை ஒட்டியிருக்கும் இடத்தை நகத்தால் ஒருமுறை தடவிப் பார்க்கிறார். யாரும் பிரித்துப் பார்த்து மறுபடி ஒட்டவில்லை என்று உறுதியானதும் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஓரத்தைக் கிழித்து, காகிதத்தை உதறி விரிக்கிறார். ஞாயிறு காலை எட்டு மணிப் பூசை. ஆயர், அதாவது பிஷப், அனுப்பும் சுற்றுமடலை எங்கள் கோவிலில் பதினாறு வருடமாக வாசிப்பவர் இவர்தான். வாசக மேடைக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து கீபோர்டு வாசிக்கும் எனக்கு இந்தச் சடங்கு தலைகீழ்ப் பாடம்.

மற்ற ஆறு நாளும் டேங்கர் லாரி ஓட்டுகிறார். சொந்த வண்டி. கொதிகலன் இருக்கும் இடங்களுக்கு எண்ணெய் கொண்டுபோய் நிரப்புவது தொழில். குழாயை மாட்டிவிட்டுத் தொட்டியின் மேல் காதை வைத்துக்கொள்வார். "வயிறு நெறையப் போகுதுன்னா சத்தம் சன்னமாயிடும். இந்த முள்ளு, மீட்டரு எல்லாம் பொய் சொல்லும்" என்பார். வாடிக்கையாளரான மடத்துச் சிஸ்டர்களிடம் ஃபோனில் பேசினாலும் வருவது அந்த மேடைக் குரல்தான். "சிஸ்டர், வண்டி புறப்பட்டுவிட்டது" என்று எழுத்தெழுத்தாக அறிவிப்பார். வீட்டில் கரண்டு பில்லையும் அப்படித்தான் படிக்கிறாராம். "படிச்சு முடிச்சதும் நான் ஆமென் சொல்லணும்" என்று அவர் மனைவி சிரிப்பார்.

மடலை முன்கூட்டிப் படிப்பதில்லை என்பது அவர் தனக்கே போட்டுக்கொண்ட சட்டம். ஒருமுறை எங்கள் கோவில் சாமியாரான பங்குத்தந்தையின் இடமாற்றச் செய்தி பூசைக்கு முன்பே ஊரெல்லாம் பரவி, பழி இவர் தலையில் விழுந்தது. "அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். சனங்க கேக்கும்போதுதான் நானும் கேக்கணும். முன்னாடியே தெரிஞ்சா என் மூஞ்சியே காட்டிக் குடுத்துடும்." இப்போதெல்லாம் பங்குத்தந்தைக்கு மூன்று நாள் முன்பே மின்னஞ்சலில் நகல் வந்துவிடுகிறது. அவரும் இவரிடம் மூச்சு விடக்கூடாது என்று ஏற்பாடு.

சென்ற ஞாயிறு வந்த மடல் புவி வெப்பத்தைப் பற்றியது. வெள்ளம், வறட்சி, படைப்பைக் காக்கும் கடமை என்று முதல் பக்கம் கணீரென்று போனது. பக்கத்தைத் திருப்பினார். "நிலக்கரி, டீசல், எரியெண்ணெய் ஆகியவற்றின் மீது கார்பன் வரி விதிக்கும் சட்டத்தை நம் திருச்சபை முழுமனதோடு ஆதரிக்கிறது. பூசை முடிந்ததும் வாசலில் உள்ள விண்ணப்பத்தில் அனைவரும் கையெழுத்திடுங்கள். இதற்கு முன்மாதிரியாக, நம் மறைமாவட்டத்தின் மடங்கள், பள்ளிகள், மருத்துவமனைகள் அனைத்தும் இவ்வாண்டு முடிவதற்குள் எண்ணெய்க் கொதிகலன்களைக் கைவிடும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் வண்டி போகும் பத்து இடங்களில் எட்டு, ஆயரின் நிர்வாகத்தில் இருப்பவை. தன் பிழைப்பு போகிற செய்தியை மனிதர் தன் வாயாலேயே, அதுவும் ஒலிபெருக்கியில், நிறுத்தி நிதானமாக வாசித்துக்கொண்டிருக்கிறார்! 'கைவிடும்' என்ற சொல்லில் குரல் அறுந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். மீதி இருந்த ஒரு பத்தியை அப்படியே விட்டுவிட்டு, கடைசி வரியின் ஆசீரை முணுமுணுத்துவிட்டு இறங்கினார். கார்பன் வரி வேண்டும் என்கிற கட்சிதான் நானும். ஆனால் அடுத்த பாட்டுக்கு என் விரல் எந்தக் கட்டையில் விழுந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

வாசலில் கையெழுத்துக்கு வரிசை நின்றது. பூசை உடுப்பு மாற்றும் அறையில் அவர் மனைவி முகம் வெளிறிப்போய் அவர் முன்னால் வந்து நின்றார்.

"ஏங்க, என்ன படிக்கிறோம்னு தெரிஞ்சுதான் படிச்சீங்களா?"

"பாதியில தெரிஞ்சுது."

"அப்பவே நிறுத்தியிருக்கலாம்ல?"

"ஆயர் மடலைப் பாதியில நிறுத்துறதுக்கு நான் என்ன ரேடியோவா?"

பங்குத்தந்தை உள்ளே வந்தார். எனக்கு வந்த கோபத்தில், நீங்களாவது சொல்லியிருக்கலாமே ஃபாதர் என்று கேட்டேவிட்டேன். அவர் என் கண்ணைப் பார்க்காமல், "சொல்லணும்னுதான் தவிச்சேன். வியாழக்கிழமையிலேருந்து தூக்கமில்ல. முன்னாடி சொல்லவே கூடாதுன்னு அண்ணன்தானே சட்டம் வெச்சிருக்காரு" என்றார். ஒரு நேர்மையான ஆளின் சட்டத்துக்குப் பின்னால் இப்படிக்கூட ஒளிந்துகொள்ள முடியுமா?

டேங்கர்காரர் கத்தவில்லை. அதுதான் என்னை இன்னும் உலுக்கியது. "விஷயம் தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், ஃபாதர். போன வெள்ளத்துல என் வண்டியே ரெண்டு நாள் தண்ணிக்குள்ள கெடந்துச்சு. நான் ஊத்துற எண்ணெய்தான் பொகையா மேல போவுது, தெரியும். ஆனா இத்தனை வருஷமா அந்த மடங்களுக்குள்ள போய்வர்றேன். இப்பிடி ஒருத்தன் இருக்கான்னு ஒருத்தருக்குமா ஞாபகம் வரல?"

பத்து மணிப் பூசைக்கு மணி அடித்தது. "இந்தத் தடவை நானே வாசிச்சிடறேன், குடுங்க" என்று பங்குத்தந்தை கையை நீட்டினார். மனைவியும், "குடுத்துட்டு வீட்டுக்கு வாங்க" என்று சட்டையைப் பிடித்து இழுத்தார். அவர் மடலை விடவில்லை. சுவரோரமாக நின்று, விட்டுப்போன பத்தியை உதடு அசைய இரண்டு தடவை படித்தார். பதினாறு வருடத்தில் முதல்முறையாகத் தன் சட்டத்தை மீறினார்.

பத்து மணிக்குக் கோவில் நிறைந்திருந்தது. முதல் பக்கம் போனது. கார்பன் வரி போனது. 'கைவிடும்' என்ற சொல்லை இந்தத் தடவை முழுசாகச் சொன்னார். பிறகு கடைசிப் பத்தி: "வரியாக வரும் பணம் ஏழைக் குடும்பங்களுக்கே திரும்ப வேண்டும் என்றும் அரசைக் கேட்கிறோம். இம்மாற்றத்தால் பிழைப்பை இழப்போர் வேறெங்கோ இல்லை, நம் பங்கு மக்களிடையிலேயே இருக்கிறார்கள். அவர்கள் யார் என்று அறிந்து அவர்களைத் தாங்குவது நம் ஒவ்வொருவரின் கடமை."

ஆசீர் வரிக்கு அவர் போகவில்லை. காகிதத்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்டால் பிள்ளைகள் காட்டுவதுபோல, வலது கையை உயர்த்தியபடி நின்றார்.