கொன்றவன் சார்பில் ஒரு மன்றாட்டு

நம் செய்திமடலின் இந்தப் பக்கத்தில் சாட்சி எழுதியவர்கள் தங்களுக்கு வந்த துன்பத்தை எழுதினார்கள். நான் என்னால் வந்த துன்பத்தை எழுத வேண்டியிருக்கிறது. பொறுத்து வாசியுங்கள்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஆகஸ்ட். மாதா திருநாளுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை. புலம்பெயர்ந்து வந்த இந்த நாட்டில், ரானுயி என்ற புறநகரில், மகள் வீட்டில் பின்னேரத் தூக்கத்தில் இருந்தேன். தொலைபேசி அடித்தது. நம் தமிழ்க் கத்தோலிக்கக் குழுவில் உள்ள இளைஞன் அருள். பாதர் லூயிஸ் கோவில் படிக்கட்டில் விழுந்துவிட்டார், தலைக்குள் இரத்தம் கசிகிறது, பிழைப்பாரோ தெரியாது என்று அழுதான்.

எப்படி விழுந்தார் என்று கேட்டேன். ஊரில் அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் முப்பது வருடம் விசாரணை நடத்தியவனின் குரலில்தான் கேட்டேன்.

"ஐயா, நீங்கள்தானே சொன்னனீங்கள்," என்றான்.

நான் என்ன சொன்னேன் என்பதை எழுதத்தான் இந்தச் சாட்சி.

பாதர் லூயிஸ் மலேசியத் தமிழர். நமக்கென்று ஒரு குருவானவர் வேண்டும் என்று ஆயர் இல்லம்வரை போய் அவரை எடுப்பித்தவன் நான். எந்தக் கதவை முதலில் தட்டுவது, எதைத் தட்டாமல் விடுவது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் மீன் குழம்பு சாப்பிடுவார். என் பகிடிகளுக்குக் கண்ணீர் வரச் சிரிப்பார். நம்முடைய ஆள் என்று நினைத்தேன்.

அவர் கடவுளின் ஆளாக இருந்துவிட்டார். பிரச்சினை அங்கேதான் தொடங்கியது.

ஊரில் எந்தக் குடும்பங்கள் திருநாள் சுற்றுப்பிரகாரத்தில் மாதாவின் சுரூபத்தைத் தூக்கினவோ, அவையே இங்கும் தூக்கும் என்று நாங்கள் வைத்திருந்தோம். அதற்குச் சாதி என்று பெயர் சொல்லவில்லை. 'வழமை' என்று சொன்னோம். அந்தச் சொல்லை நம் குழுவின் யாப்பில், அதாவது சட்டவிதிகளில், சேர்த்தவன் நான். மன்னாரைச் சேர்ந்த எமிலியான், விரி என்ற இடத்தில் ஒரு பண்டகசாலையில் வேலை செய்பவர், மனைவி பிரசவத்தில் பிழைத்ததற்கு நேர்த்திக்கடனாகச் சுரூபம் தூக்கக் கேட்டார். பாதர் சரி என்றார். திருநாளுக்கு முந்திய அந்த ஞாயிறு, பூசை முடிந்து கூடிய கூட்டத்தில் நான் எழுந்து, யாப்பின்படி அது முடியாது என்று விளக்கினேன். அழகாகவே விளக்கினேன்.

"மாதா என்ன உங்க வீட்டுப் பொண்ணா அங்கிள், யாரு தொடணும்னு நீங்க சொல்றதுக்கு?" என்றார் பாதர். எமிலியான் தூக்குவார் என்று அறிவித்துவிட்டுப் போனார்.

அதன்பின் தேநீர். நான் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, சுற்றி நின்றவர்களிடம் சொன்னேன்: "மாதாவை இந்த மனுசனிட்டையிருந்து காப்பாத்த எங்கடை பெடியள் ஒருத்தனுக்கும் கைகால் இல்லையோ?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தேன். அருளும் அவன் நண்பன் ஜூட்டும் சிரித்துவிட்டுச் சுரூபத்தை எடுக்கப் போனார்கள். யாராவது ஒருவர் வீட்டில் ஒளித்துவைப்பது அவர்களின் திட்டம். பாதர் கண்டுவிட்டார். கதவைப் பூட்டிவிட்டு ஆட்களைக் கூப்பிட்டிருக்கலாம். பூட்டவில்லை. வாசலில் வந்து குறுக்கே நின்றார். பெடியன்கள் தூக்கிக்கொண்டு வந்த சுரூபக் கூட்டின் காவுதண்டு அவர் நெஞ்சில் பட்டது. பின்புறமாகப் படிகளில் விழுந்தார்.

ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் இருந்தபோது முதலில் என்ன நினைத்தேன் தெரியுமா? நான் யாருக்கும் உத்தரவிடவில்லை, எந்த வழக்கிலும் என் பெயர் வராது என்று நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதைத்தான் நினைத்தேன்.

அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் படித்த ஒரு கதை ஞாபகத்துக்கு வந்தது. கன்ரபரிப் பேராயர் புனித தோமஸ். முதலில் அரசனின் மந்திரி, உற்ற நண்பன். தனக்கு உதவுவார் என்று அரசனே அவரைப் பேராயராக்கினான். அவர் திருச்சபையின் பக்கம் நின்றார். ஒருமுறை அரசனுக்குப் பணிந்துபோனதும் உண்டு. அந்த வெட்கத்தில் பாவமன்னிப்புக் கிடைக்கும்வரை பலிபீடத்தை நெருங்காமல் இருந்தார். பல வருடம் பிறநாட்டில் தஞ்சமிருந்து திரும்பி வந்தார். அவர் திரும்பியும் பணியவில்லை என்று கேட்ட அரசன், அப்போது கடலுக்கு அப்பால் இருந்தவன், இவரை அடக்க என்னிடம் ஆளில்லையா என்று கோபத்தில் ஒரு வார்த்தையை எறிந்தான். வீரர் நால்வர் அதைக் கட்டளையாக எடுத்துக் கடல் கடந்து போனார்கள். துறவிகள் கோவில் கதவை அடைக்கப் போனார்கள். செப வீட்டைக் கோட்டையாக்க வேண்டாம் என்று அவர் தடுத்தார். அங்கேயே வெட்டுண்டு செத்தார். பிறகு அந்த அரசன் வெறுங்காலோடு கல்லறைக்கு நடந்துபோய், துறவிகள் கையால் அடி வாங்கினான்.

பள்ளிக்கூடச் சோதனையில் நான் அரசனின் பக்கம் எழுதியவன். நிர்வாகம் தெரிந்தவன் என்று புகழ்ந்திருந்தேன். நல்ல புள்ளியும் கிடைத்தது.

மாதாவிடம் மன்றாட எனக்கு முகமில்லை. அந்தப் பேராயரிடம் சொன்னேன்: "ஆண்டவரே, உங்களைக் கொன்றவன் சார்பில் வந்திருக்கிறேன். அவனுக்கு மன்னிப்புக் கேட்கக் கல்லறைதான் கிடைத்தது. எனக்கு ஆளை உயிரோடு தாருங்கள்." வேறு செபம் வரவில்லை. அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

தலையில் சத்திரசிகிச்சை செய்தார்கள். புதன்கிழமை காலை பாதர் கண் திறந்தார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"மாதா உடைஞ்சிருச்சா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

அன்றே பொலிசுக்குப் போய் நான் சொன்னதைச் சொன்னேன். பாதர் முறைப்பாடு செய்ய மறுத்திருந்தார். பெடியன்கள் எச்சரிக்கையோடு விடப்பட்டிருந்தார்கள். அந்த அதிகாரி என்னைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தேநீர்க் கோப்பையோடு ஒரு கிழவன் கேலி பேசியதற்குத் தங்களிடம் சட்டப் பிரிவு எதுவும் இல்லை என்றார். வாழ்நாள் முழுக்க எதற்கும் ஒரு பிரிவு கண்டுபிடித்தவன் நான். என் குற்றத்துக்கு ஒன்று கிடைக்கவில்லை.

பாதரிடம் போய் எல்லாப் பொறுப்புகளிலிருந்தும் விலகுவதாகச் சொன்னேன். அவர் சிரித்தார். தையல் இழுக்கவே தலையைப் பிடித்துக்கொண்டார்.

"ராஜினாமா ரொம்ப சுலபம் லா அங்கிள். அதெல்லாம் வேணாம். எமிலியான் பக்கத்துல நின்னு மாதாவத் தூக்குங்க. அன்னிக்கு என்ன சொன்னீங்கன்னு எல்லாருக்கும் சொல்லுங்க. அதே வார்த்தையில சொல்லணும், அழகுபடுத்தாம."

அவர் எழுந்து நடமாடும்வரை காத்திருந்து ஒக்டோபரில் சுற்றுப்பிரகாரம் வைத்தோம். நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்தேன். கோவில் கார் தரிப்பிடம் மழையில் நனைந்து குளிர்ந்திருந்தது. முன் தண்டில் எமிலியானும் நானும். பின்னால் அருளும் ஜூட்டும். பாதர் என் கால்களைப் பார்த்தார். நான் எமிலியானிடம் மன்னிப்புக் கேட்கச் சொற்களைத் தேடிக்கொண்டே நடந்தேன். நல்ல சொற்களாகத் தேடினேன், வழக்கம்போல. அதற்குள் அவரே மெல்லக் கதைத்தார்.

"ஐயா, தோளைக் கொஞ்சம் பதியுங்கோ. மாதா என்ரை பக்கம் சாயுறா."

பதித்தேன். சுரூபம் நிமிர்ந்தது.

பாதர் கேட்டபடி அன்று பூசையில் அதே வார்த்தையைச் சொன்னேன். அன்று வராதவர்களுக்காக இங்கே எழுதியிருக்கிறேன். 'வழமை' என்ற சொல்லை யாப்பிலிருந்து எடுத்துவிட்டோம். அதற்கான முறையும் எனக்குத் தெரிந்திருந்தது. ஒருமுறையாவது நல்லதுக்கு உதவியது.

எந்தப் பிரிவுக்குள்ளும் அடங்காத குற்றம் உங்களிடமும் இருந்தால், அந்தப் பேராயரிடம் போங்கள். கொன்றவன் வந்து நின்றபோதும் அவர் கதவைப் பூட்டவில்லை. என் முன்னும் பூட்டவில்லை.

இப்போதும் பகிடி வாயில் வருகிறது. வந்தால், "இது பகிடி, ஒருத்தரும் எழும்பாதேங்கோ" என்று கூடவே சொல்லிவிடுகிறேன். பகிடி அங்கேயே செத்துவிடுகிறது. சாகட்டும். ஆளாவது இருக்கிறார்.