கேட் மீட்டிங்கில் அப்பா சொன்ன தமிழ்

போடிமெட்டுக்கு மேலே, மலையாளப் பக்கம் இருக்கும் எங்கள் தேயிலை எஸ்டேட்டில் சங்கக் கூட்டம் எப்போதும் ஃபேக்டரி கேட்டுக்கு முன்னால்தான் நடக்கும். முதலாளி ஃபேக்டரியைப் பூட்டிவிட்டுப் போய்ப் பல வருஷமாகிவிட்டது, கேட்டில் கொடி ஏறிப் படர்ந்துவிட்டது, ஆனாலும் கூட்டம் அங்கேதான். தலைவர் டவுனிலிருந்து ஜீப்பில் வருவார். மலையாளத்தில் கொஞ்சம் பேசி நிறுத்துவார். பக்கத்தில் நிற்கும் என் அப்பா அதைத் தமிழில் சொல்வார். பிறகு தலைவர் மறுபடியும் தொடங்குவார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மலையாளம் புரியாதவர் எங்கள் லயங்களில், எஸ்டேட் கட்டிக் கொடுத்த வரிசை வீடுகளில், ஒருவருமில்லை. ரேஷன் கடை, பஞ்சாயத்து, ஆஸ்பத்திரி எல்லா இடத்திலும் மலையாளம்தான். பேசத் திணறினாலும் காதில் விழுந்தால் புரிந்துவிடும். இருந்தும் தலைவர் பேசும்போது யாரும் கை தட்டமாட்டார்கள். அப்பா தமிழில் சொன்ன பிறகுதான் தட்டுவார்கள். அதுவரைக்கும் அது யாரோ யாருக்கோ சொல்வது. அப்பா சொன்னால்தான் நமக்குச் சொன்னது.

அப்பா சும்மா மொழிபெயர்க்கிற ஆளுமில்லை. எஸ்டேட் ஓடிய காலத்தில் தலைவர் “மேனேஜ்மென்ட் பேச்சுவார்த்தைக்கு வரவேண்டும்” என்று மரியாதையாகச் சொல்வார். அப்பா, “வரலைன்னா நாளைக்கு மேனேஜர் பங்களாவுல அடுப்பு எரியாது” என்பார். பெண்கள் சிரித்துக்கொண்டே கை தட்டுவார்கள். வருகிற தலைவர்களுக்குத் தமிழ் ஓடாது; அப்பா ஏதோ காரம் சேர்க்கிறார் என்பது மட்டும் தெரியும். கைதட்டல் தங்களுக்குத்தான் என்று வைத்துக்கொண்டார்கள். கவாத்துக் கத்தி பிடித்துத் தேயிலைச் செடி வெட்டிய மனுஷனுக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே பெருமை அந்த மைக்தான். நான் புருஷனை விட்டு வந்து அப்பாவோடு இருக்கத் தொடங்கி, பக்கத்து மலையில் ஒரு ஹோம்ஸ்டேயில் அறை துடைக்கப் போன பிறகும், கூட்டம் என்றால் லீவு போட்டுவிட்டு அவர் பேசுவதைக் கேட்க வருவேன்.

கடைசியாக நடந்த கூட்டம் ஒரு மே மாதத்து மத்தியானம். லயங்களைப் பழுதுபார்க்க, எங்கள் சங்கத்துக் கட்சியே நடத்தும் சர்க்கார் பட்ஜெட்டில் பணம் ஒதுக்கியிருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அது எப்போது வரும் என்பதுதான் எல்லாருடைய கேள்வியும். அதிலும் எங்களுக்கு அடுத்த ரூமில் தனியாக இருந்த அத்தைக்கு அது உயிர்ப்பிரச்சினை. சொந்த அத்தை இல்லை, அப்பாவை அண்ணன் என்று கூப்பிடுவதால் எனக்கு அத்தை. கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவள். அவள் ரூமின் பின்சுவர் வயிறு தள்ளி நின்றது. இன்னொரு மழை தாங்காது என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். மலைக்குக் கீழே போடியில் மகள் இருக்கிறாள், போய்விடலாம். ஆனால் கிராஜுவிட்டி கைக்கு வராமல் லயத்தைக் காலி செய்யக்கூடாது என்பது எங்கள் ஊர்ச் சட்டம். ரூம் நம் கையில் இருக்கிறவரைதான் கம்பெனி நம் பேச்சைக் கேட்கும் என்று மேடைக்கு மேடை சொல்லிக்கொடுத்ததும் சங்கம்தான். அத்தை துணியை மூட்டை கட்டி வைத்துவிட்டு, கூட்டத்தில் என்ன சொல்கிறார்கள் பார்ப்போம் என்று காத்திருந்தாள்.

அன்றைக்குத் தலைவர் உண்மையைப் பேசினார். அதற்காக அவரைக் குறை சொல்லமாட்டேன். கஜானாவில் பணமில்லை, கடனுக்கு வட்டி கட்டவே சரியாக இருக்கிறது, மேற்கொண்டு கடன் வாங்கவும் டெல்லியில் விடமாட்டேன் என்கிறார்கள், பென்ஷனே தள்ளிப்போகிறது, லயத்து வேலை இந்த வருஷம் நடக்காது என்றார். சுவர் மோசமாக இருப்பவர்கள் மழைக்கு முன்னால் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடுங்கள், கிராஜுவிட்டி கேஸைச் சங்கம் பார்த்துக்கொள்ளும் என்றும் சொல்லிவிட்டு அப்பாவைப் பார்த்தார்.

அப்பா மைக்கை வாயருகே இழுத்தார். “கொஞ்சம் நெருக்கடிதான். ஆனா மழைக்கு முன்னாடி வேல தொடங்கிரும். யாரும் லயத்த விட்டுப் போக வேண்டாம்” என்றார்.

கைதட்டல் அப்படியொரு கைதட்டல். பணமில்லை என்று சொன்னதற்கு இவ்வளவு வரவேற்பா என்று தலைவர் திகைத்தார். பிறகு அவரும் சிரித்து, கும்பிட்டுவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். எங்கள் ஊரில் தலைகீழ். சாமி கையை விரித்துவிட்டது, பூசாரி வரம் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும், ஏன் மாற்றிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். அப்பா பாலில்லாத கட்டன்சாயா டம்ளரைக் கீழே வைக்காமலே சொன்னார்: “நம்ம சர்க்காருகிட்டக் காசு இல்லைன்னு என் வாயால எப்பிடிம்மா சொல்லுவேன்? இவுக வந்தாச் சரியாயிரும்னு இத்தன வருஷமாச் சொன்னவன் நான்தான.”

அவர்மேல் கோபமும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. எங்கள் கட்சி எதிர்க்கட்சியாக இருந்தபோது அவருக்கு மொழிபெயர்ப்பது சுலபம். யாரையாவது திட்டினால் போதும். இப்போது யாரைத் திட்டுவது?

மறுநாள் அத்தை மூட்டையைப் பிரித்துத் துணிகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். தலைவர் சொன்னதைக் கேட்டீர்கள்தானே என்றேன். “அண்ணன் சொல்லிட்டாகல்ல” என்றவள், என் வேலை எப்படிப் போகிறது என்று பேச்சை மாற்றினாள். அப்பா டவுனுக்கு நடையாய் நடந்து ஒரு தார்ப்பாய் வாங்கிவந்து அவள் கூரைமேல் கட்டிக் கொடுத்தார். யானைப் பசிக்குச் சோளப்பொரி.

மழை பிடித்த முதல் வாரத்திலேயே, காலையில் அவள் அடுப்புப் பற்றவைக்கிற நேரத்தில் பின்சுவர் விழுந்தது. கூட்டத்தில் கை தட்டிய அதே பெண்கள்தான் கல்லை அள்ளிப் போட்டு அவளை வெளியே எடுத்தார்கள். ஜீப்பில் போட்டு, பனிமூட்டத்தில் போடிமெட்டைத் தாண்டிப் போடி ஆஸ்பத்திரிக்கு இறக்கினோம். உயிர் பிழைத்தாள். இனி நடக்கமாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மிச்சம் இருந்த குடும்பங்களும் பயந்து காலி செய்தன. நாங்களும் வேறு லயத்தில் ஒரு இடுக்கு மூலைக்கு மாறினோம். பழைய லயம் அடுத்து அடித்த மழையிலேயே முழுசாகச் சரிந்தது.

சுவர் விழுந்து இரண்டு மாதம் கழித்து அப்பா தன்னைப் போடிக்குக் கூட்டிப்போகச் சொன்னார். மகள் வீடு ஒற்றை அறை. அத்தை கட்டிலில் கிடந்தாள். அப்பா அவள் கால்மாட்டில் நின்று, “என்னைய மன்னிச்சிரு தாயி” என்றார். அவர் குரல் அவ்வளவு சின்னதாக வந்து நான் கேட்டதில்லை.

“எதுக்குண்ணே?” என்றாள் அத்தை. “எனக்கு மலையாளம் தெரியாதா? அவரு சொன்னதும் கேட்டுச்சு, நீங்க சொன்னதும் கேட்டுச்சு. நீங்க சொன்னதுதான் நல்லாருந்துச்சு.”

அப்பா அழுதார். அவர் அழுது முடித்ததும் அத்தை, லயத்து வேலை எப்போது தொடங்குகிறார்கள் என்று கேட்டாள்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

“அடுத்த மாசம் தொடங்கிரும் தாயி.”

அத்தை தலையை ஆட்டினாள். பிறகு மகளைக் கூப்பிட்டு, ரூம் சாவி பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள்.