நீலக் கார்டு நாற்பத்தொன்று

அந்தச் சிறைச்சாலையில் எல்லோரும் அவளைக் 'கார்டக்கா' என்றே கூப்பிட்டார்கள். ஆவண அறையில் இருபத்திரண்டு வருஷ வேலை. கைதி உள்ளே வந்ததும் ஒரு கார்டு எழுதுவாள். திருட்டு, அடிதடி என்றால் வெள்ளை. அரசாங்கத்துக்கு எதிராகப் பேசினது, எழுதினது என்றால் நீலம். நீலக் கார்டுக்காரர்களுக்குச் சொந்த உடுப்பு, புத்தகம், மாதம் இரண்டு கடிதம் உண்டு. கல்லுடைக்கும் வேலை கிடையாது. அவள் கையெழுத்து அச்சுக் கோத்தது போல இருக்கும். "உங்க கையால உள்ள போறதுக்குக் கொடுத்து வெச்சிருக்கணும் அக்கா" என்று காவலர்கள் கிண்டலடிப்பார்கள். தம்பி வீட்டில்தான் இருந்தாள். ஆபீஸ் பேச்சை ஒருநாளும் வீட்டுக்குள் கொண்டுபோனதில்லை.

ஒரு திங்கட்கிழமை கண்காணிப்பாளர் கட்டுக்கட்டாக வெள்ளைக் கார்டுகளைக் கொண்டுவந்து அவள் மேஜையில் வைத்தார்.

"இனிமே நீலம் கிடையாதும்மா. அடுத்த மாசம் வெளிநாட்டுலேர்ந்து ஒரு குழு வருது. அரசியல் கைதி இருக்காங்களான்னு கேப்பாங்க."

"இருக்காங்களே சார். நாப்பத்தொரு பேரு."

"ஆளு இருக்கட்டும். கார்டை மாத்துங்க."

"என்ன குத்தம்னு எழுதறது?"

"உங்களுக்குத் தோணுறதை எழுதுங்க. சின்னதா, நம்புற மாதிரி."

முதல் இரண்டு கார்டுக்குக் கை ஓடவில்லை. பத்தாவதுக்கு மேல் தானாக ஓடியது. பிற்பாடு அதை நினைத்துத்தான் அவளுக்கு அதிகம் பயம். அச்சகத்துக்காரருக்குக் கைக்கடிகாரத் திருட்டு. கல்லூரி மாணவனுக்கு ரயிலில் தகராறு. பள்ளிக்கூட வாத்தியாருக்கு ஒரு சைக்கிள். வெறும் சைக்கிள் என்று விடாமல், பச்சை நிறம், பெல் இல்லை, பாலத்துக்குக் கீழே தையல் கடை வாசலில் நின்றது என்று விவரமாக எழுதினாள். நீலக் கார்டுகளை அவள் கண்ணெதிரிலேயே பின்கட்டில் கொளுத்தினார்கள்.

இரண்டு வாரம் கழித்து, கோடு போட்ட சட்டைக்காரர் ஒருவர் ஜன்னலில் வந்து நின்றார்.

"என் சைக்கிளைத் திருடினவன் இங்க இருக்கானாம். சாமான் திரும்பக் கிடைக்குமா?"

"என்ன சைக்கிள்?"

"பச்சைங்க. பெல் விழுந்து போச்சு. பாலத்துக்குக் கீழ, தையல் கடை வாசல்ல விட்டிருந்தேன்."

அவள் கார்டில் எழுதின அதே வார்த்தைகள். யாரோ கார்டைக் காட்டிச் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று மனசுக்குச் சமாதானம் சொன்னாள். ஆனால் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்கப்பா வாங்கிக் கொடுத்தது மேடம்." அந்த விவரத்தை அவள் எழுதவில்லை.

மறுநாள் அதே ஜன்னலில் வாத்தியாரின் மனைவி. "அவருக்கு சைக்கிள் ஓட்டவே தெரியாதும்மா. எங்க போனாலும் பஸ்ஸுதான்."

"பதிவேட்டுல அப்படித்தான் இருக்கு" என்று முணுமுணுத்துவிட்டு ஜன்னலைச் சாத்தினாள்.

மாடிக் கூடத்தில் காலையும் மாலையும் நாற்பத்தொரு பேரையும் நிற்கவைத்து, கையில் கார்டைக் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னார்கள். அவள் மேஜை அதற்கு நேர் கீழே. முதல் வாரம் "பொய்" என்று நடுநடுவே கத்தல் கேட்டது. அப்புறம் நாற்காலி இழுபடும் சத்தம், கொஞ்ச நேரம் மௌனம். இரண்டாம் வாரம் கத்தல் குறைந்தது. மூன்றாம் வாரம் நாற்பத்தொரு குரலும் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல ஒரே தாளத்தில் இறங்கி வந்தன. தலைக்கு மேல் அவளுடைய வாக்கியங்களே நடமாடின. காதைப் பொத்திக்கொண்டாலும் அடுத்த வரி அவளுக்குத் தெரியும்.

குழு வந்த அன்று பதிவேட்டோடு அவளையும் கூடத்தில் உட்காரவைத்தார்கள். ஒவ்வொருவராகத் தங்கள் குற்றத்தைத் தடுமாறாமல் சொன்னார்கள். வாத்தியார் முறை வந்தது.

"பாலத்துக்குக் கீழ நின்னுச்சு. ஏறி மிதிச்சேன். பெல் இல்லாததால வாயாலயே சத்தம் கொடுத்துக்கிட்டுப் போனேன். காத்து முகத்துல அடிச்சுது." சொல்லும்போது இலேசாகச் சிரித்தார். ஆசையாக ஓட்டினவனின் சிரிப்பு. 

"அவருக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது."

காதில் விழுந்த பிறகுதான் அது தன் குரல் என்று அவளுக்குப் புரிந்தது. எழுந்து நின்றாள். "கார்டை எழுதினது நான். நாப்பத்தொண்ணும் நான் கட்டின கதைதான்."

வாத்தியார் அவள் பக்கம் திரும்பி, "எனக்கு ஓட்டத் தெரியும்" என்றார், கோபமாக. மொழிபெயர்ப்பாளர் என்னவோ சொன்னார். வந்தவர்கள் தலையசைத்து, அவளுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். மொழிபெயர்த்தவர் அவர்களிடம் என்ன சொன்னார் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

அன்று அவள் வீடு திரும்பவில்லை. பெண்கள் பகுதியில் பதினான்கு மாதம். ஆபீஸ் முத்திரையைத் திருடியதாக வெள்ளைக் கார்டு. அவளையும் படிக்கச் சொன்னார்கள். எண்ணைப் படித்தாள், பெயரைப் படித்தாள், குற்றம் என்ற இடத்தில் வாயை மூடிக்கொண்டாள். தினமும் அப்படித்தான். அதற்காகத் தம்பியைக் கடைசிவரை கண்ணில் காட்டவில்லை. புத்தி பிசகாமல் இருக்க, எரிந்துபோன நீலக் கார்டுகளை ஒவ்வொன்றாக வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்ப்பாள்.

வெளியே வந்ததும், வாத்தியாரையும் விட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, விசாரித்து அவர் வீட்டுக்குப் போனாள். மனைவி கதவை முழுக்கத் திறக்காமல் நின்றாள்.

"நீங்க வந்தா உள்ள விடக் கூடாதுன்னு இருந்தேன்" என்றவள், கதவைத் திறந்து வழிவிட்டாள். "பின்னாடி இருக்காரு."

கொல்லையில் வாத்தியார் ஒரு பழைய சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். புதிதாகப் பச்சை அடித்திருந்தது.

"ஓட்டறதில்ல" என்றாள் மனைவி. "சைக்கிளுக்குச் சொந்தக்காரன் வந்து கேப்பானாம். திருப்பிக் கொடுக்கணும்னு பழசு ஒண்ணை வாங்கி வெச்சுத் துடைக்கறாரு."

அவள் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். "அது நான் எழுதின பொய் சார்."

அவர் நிமிர்ந்தார். "அப்போ நான் எதுக்கு உள்ள போனேன்?" நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

"உங்க பள்ளிக்கூடத்தைப் பட்டாளம் எடுத்துக்கிச்சு. நீங்க பிள்ளைங்களை மரத்தடியில உக்கார வெச்சுப் பாடம் எடுத்தீங்க. கதவைத் திறங்கன்னு சுவர் முழுக்க எழுதினீங்க. எழுதினது நீதானான்னு அதிகாரி கேட்டாரு. நீங்க, 'ஏன், பிழை ஏதாவது இருக்கா?'ன்னு கேட்டீங்க. அதையும் கார்டுல எழுதி வெச்சிருந்தேன்."

வாசற்படியில் நின்ற மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வாத்தியார் கையிலிருந்த துணியைக் கீழே போட்டார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார்.

அவள் முதலிலிருந்து சொன்னாள்.